அக்காவின் பாட்டு, வேறொருத்தியின் குரல்

எனக்குப் பாட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாட்டு சம்பந்தமான வேலை செய்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் "எங்க, ஒண்ணு பாடுங்க பாப்போம்" என்றுதான் அடுத்துக் கேட்பார்கள். நான் பாடினால் எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டிகூட எழுந்து போய்விடும். ஆனால் எனக்குக் கேட்க வரும். ஒருவர் பாடும்போது சுருதி மயிரிழை கீழே இறங்கினாலும், ஓர் எழுத்து கொஞ்சம் முந்திக்கொண்டு வந்தாலும் உடனே தெரிந்துவிடும். இந்தக் காதை வைத்துக்கொண்டு, திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் உட்கார்ந்தபடியே பல வருடமாகச் சம்பாதித்துச் சாப்பிடுகிறேன். அதில் எனக்குப் பெருமைதான். அடக்கமாகச் சொல்லத் தெரியாது.

வேலை இதுதான். கம்ப்யூட்டரைப் பாட வைக்கும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் குரல் உண்டு, ஆனால் என்ன பாட வேண்டும், எப்படிப் பாட வேண்டும் என்பதை எழுத்து எழுத்தாக யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் பாடிய பாட்டை எனக்கு அனுப்புவார்கள். நான் அதைக் கேட்டுக் கேட்டு, எந்த எழுத்து எப்போது தொடங்குகிறது, எந்த ஸ்வரத்தில் நிற்கிறது, எவ்வளவு நேரம் நீள்கிறது, எங்கே வழுக்குகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்பதையெல்லாம் திரையில் சின்னச் சின்னப் பட்டைகளாகப் போட்டு, அவற்றின் மேல் கோடுகள் வரைந்து, ஒரு நோட் ஃபைலாகத் திருப்பி அனுப்புவேன். அந்த ஃபைலில் சத்தம் ஒரு துளியும் கிடையாது. அதை எந்தக் குரலிடம் கொடுக்கிறோமோ அந்தக் குரல் பாடும். பாடியவரின் குரல் வெளியே நின்றுவிடும், அவர் பாடிய விதம் மட்டும் உள்ளே போகும்.

இதை என் கணவருக்கு விளக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. அவர் இன்னமும் வயலில் கேட்பவர்களிடம் "பாட்டு டைப் அடிக்கிறா" என்றுதான் சொல்கிறார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் பாட்டு முழுவதும் என் அக்காவுக்குப் போய்விட்டது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். முறையாக ஒன்றும் கற்றுக்கொண்டவள் இல்லை. ஆனால் அவள் வாழ்க்கைப்பட்ட ஊரில் ஒரு நலங்கு, ஒரு வளைகாப்பு, ஒரு காதுகுத்து அவள் இல்லாமல் நடந்ததில்லை. "அவள வரச் சொல்லு, அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்று சடங்கையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இருக்கிற மெட்டில் அந்த வீட்டுப் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் மீசையையும் சேர்த்து அங்கேயே நாலு அடி கட்டிவிடுவாள். சிரித்துச் சிரித்து மாமியார்களுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அத்தான் மாரடைப்பில் போனார். அதற்குப் பிறகு அக்காவை யாரும் பாடக் கூப்பிடவில்லை. வராதே என்று ஒருவரும் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அழைப்பு வரும், பத்திரிகை வரும், "கண்டிப்பா வந்துடுங்க" என்று வாசலில் நின்று சொல்வார்கள். ஆனால் கணவன் இல்லாதவள் மங்கலக் காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவள் போவாள், சமையல் கட்டில் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள், சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவாள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில் வாயைத் திறந்து கேட்டும்விட்டேன். அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள்.

அவளுக்கு ஒரே மகள். திருவாரூரில் உரக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக் கொடுத்தோம். முதல் தடவை உண்டானது மூன்றாம் மாதமே கலைந்துபோனது. இரண்டாவது தடவை எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாள் எண்ணினோம். ஏழாம் மாதம் வந்தது. மாசிக் கடைசியில், மாமியார் வீட்டிலேயே வளைகாப்பு என்று முடிவாயிற்று.

தேதி குறித்த மறுநாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக என் அறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, "இந்தப் பொட்டி யார் பாட்ட குடுத்தாலும் பாடுமா?" என்று கேட்டாள்.

"பாடும். ஏன்?"

"வளகாப்புக்கு ஒரு பாட்டு கட்டியிருக்கேன். அது அங்க வரணும். என் குரல் வரக்கூடாது."

நான் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தேன். "நீயே போய்ப் பாடேன். உன் மகதானே? யார் தடுத்தா?"

"யாரும் தடுக்கல."

"அப்புறம் என்ன?"

"உனக்குப் புரியாதுடி. ஏற்கனவே ஒண்ணு கலைஞ்சு போச்சு. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, 'அன்னைக்கு இவ வந்து பாடினா'ன்னு ஒரு சொல்லு வரும். யாரு சொன்னாலும் சொல்லாட்டியும் எனக்கே வரும். அந்தச் சொல்லு என் புள்ளையச் சுத்தி வரக்கூடாது. ஆனா பாட்டே இல்லாம அவ கைக்கு வளை ஏறவும் கூடாது. செஞ்சு தருவியா, மாட்டியா?"

செய்து தருகிறேன் என்றேன். கோபம் அடங்கவில்லை, ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அத்தனை வருடத்தில் என் வேலை என்னவென்று எங்கள் குடும்பத்தில் ஒருவர் சரியாகப் புரிந்துகொண்டு கேட்டது அதுதான் முதல் தடவை.

பதிவு செய்வதற்கு எங்கள் வீட்டில் ஒரு நல்ல இடம் உண்டு. சம்பா அறுத்து, கொள்முதலுக்குப் போகும்வரை நெல் மூட்டைகளை அடுக்கும் பின்கட்டு அறை. நாலு பக்கமும் மூட்டை நிற்கும்போது அங்கே எதிரொலியே இருக்காது. சுவரில் பஞ்சு ஒட்டுகிற செலவு மிச்சம். ஒரே தொல்லை அறுப்பு மிஷின். பக்கத்து வயல்களில் காலையிலிருந்து அது உறுமிக்கொண்டே இருக்கும். டிரைவர்கள் சாப்பாட்டுக்கு நிறுத்தும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் அக்காவை மூட்டைகளுக்கு நடுவே ஒரு மணையில் உட்கார வைத்து, போனைக் கையில் கொடுத்தேன். ஆறு வருடம் பாடாத தொண்டை. முதலில் இருமினாள். பிறகு பாடினாள்.

மெட்டு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த தாலாட்டு மெட்டுதான். சொற்கள் மட்டும் அவளுடையவை.

பச்ச வளை ஒரு கை, செவப்பு வளை ஒரு கை,
பாத்துப் பாத்துப் பூட்டுறாங்க பத்துப் பேரும் கூடி.
எட்டி எட்டிப் பாக்குற அந்தச் சின்னக் கைக்கு
எந்த வளை நான் போட, எங்கண்ணே, சொல்லு.

இப்படி நாலு நாலு அடியாக ஐந்து அடுக்கு. நான் மூட்டையில் சாய்ந்துகொண்டு அழுதேன். அவள் பாடி முடித்துவிட்டு, "சரியா விழுந்துச்சா?" என்று போனைத்தான் பார்த்தாள்.

மறுநாள் வேலையைத் தொடங்கினேன். பாடியதிலிருந்து ஸ்வரத்தைத் தானாகவே கண்டுபிடித்துக் கொடுக்கும் கருவிகள் உண்டு. அவை நேராக நின்று பாடுகிறவர்களுக்குச் சரி. அக்கா "எங்கண்ணே" என்று ஒரு இழுப்பு இழுத்ததை அப்படி ஒரு கருவி பதினோரு துண்டாக வெண்டைக்காய் மாதிரி நறுக்கி வைத்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கையால் போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு அடுக்கு என்று கணக்கு. நம் பாட்டில் ஸ்வரம் நிற்கிற இடத்தைவிட அது போகிற வழி முக்கியம். அந்த வழியைக் கோடாக வரைய வேண்டும். இன்னொரு சூட்சுமம், மெய்யெழுத்து தாளத்துக்குச் சற்று முன்னாலேயே தொடங்கி, அதன் உயிர்தான் தாளத்தில் வந்து விழ வேண்டும். இது தெரியாதவர்கள் செய்தால் பாடுகிறவர் எப்போதும் ஓட்டமும் நடையுமாகப் பின்னாலேயே வருவது போல இருக்கும். குரலுக்கு, சென்னையில் ஒரு பெண் தன் குரலில் தமிழ் ஒலிகளையெல்லாம் பாடிப் பதிந்து யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாமென்று இணையத்தில் விட்டிருந்த ஒரு குரலை எடுத்துக்கொண்டேன். இளம் குரல், கண்ணாடி மாதிரி இருக்கும். அக்காவின் குரல் அதற்கு நேர்மாறு, கொஞ்சம் கரகரப்பும் கனமும் உள்ளது.

வேலை செய்யும்போது ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு அடுக்கிலும் மூன்றாவது அடியில், சரியாக ஒரே இடத்தில், ஒரு சொல்லின் நட்ட நடுவில் அக்காவின் மூச்சு நின்றது. "பாக்குற" என்பதில் "பாக்" என்று வந்து, ஒரு விக்கல் அளவுக்கு இடைவெளி விட்டு, "குற" என்று கொஞ்சம் மேலிருந்து விழுந்தது. அடுத்த அடுக்கில் வேறு சொல், ஆனால் அதே இடம். போன் போட்டுக் கேட்டேன்.

"மூணாவது அடியில ஏன் நடுவுல மூச்சு விடுற?"

"விடுறேனா? தெரியலையே."

பாடிப் பழக்கம் விட்டுப் போனதால் மூச்சு பற்றவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இந்த மாதிரிப் பிசிறுகளைச் சரிசெய்து கொடுப்பதுதான் என் தொழில். வாடிக்கையாளர்கள் அதற்குத்தான் என்னைத் தேடி வருகிறார்கள். ஐந்து இடத்திலும் இடைவெளியை மூடினேன். முந்தி வந்த எழுத்துகளைத் தாளத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். கீழிருந்து ஏறிய இடங்களை நேராக்கினேன். நல்ல மேஸ்திரி பூசிய சுவர் மாதிரி வந்தது. அக்காவை வரச் சொல்லிப் போட்டுக் காட்டினேன்.

முழுதும் கேட்டாள். "நல்லா இருக்குடி. யாரோ பாடுற மாதிரி இருக்கு."

"யாரோ பாடுற மாதிரிதானே கேட்ட?"

"ஆமா. அதான் நல்லா இருக்குங்கறேன்." எழுந்து போய், நான் சாப்பிட்டுப் போட்டிருந்த தட்டைக் கழுவ ஆரம்பித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. வெளிநாட்டிலிருந்து ஆள்கள் காத்திருந்து என்னிடம் வேலை கொடுக்கிறார்கள். நான் செய்ததைக் கேட்டுவிட்டு ஒருத்தி பேசாமல் பாத்திரம் கழுவப் போகிறாள். அவள் பஸ் ஏறிய பிறகு பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். பிறகு என் ஃபைலைக் கேட்டேன். மாற்றி மாற்றிக் கேட்டதில் விஷயம் உறைத்தது. பாட்டைத் துவைத்து அலசிப் பிழிந்ததில் அக்கா போய்விட்டாள். ஆறு வருடமாக ஊர் செய்ததை நானும் கொஞ்சம் செய்திருந்தேன்.

முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை எதையும் திருத்தவில்லை. எங்கே அவசரப்பட்டாளோ அங்கே அவசரம், எங்கே தயங்கினாளோ அங்கே தயக்கம். கீழிருந்து ஏறிப்போய்ப் பிடிக்கும் ஸ்வரங்களைக் கீழிருந்தே ஏற்றினேன். மூன்றாவது அடியின் அந்த இடைவெளியை, அதற்குப் பின்னால் விழும் சிறு சறுக்கலோடு, இருந்தது இருந்தபடியே ஐந்து தடவையும் வைத்தேன். ஏன் வருகிறது என்று தெரியாமலேதான் வைத்தேன். எட்டு நாள் ஆனது. வேறு எந்த வேலையையும் தொடவில்லை. என் தொழிலில் நான் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது என்று அப்போதே எனக்குத் தெரியும்.

மறுபடி அக்கா வந்தாள். பாட்டு தொடங்கியது. சென்னைப் பெண்ணின் கண்ணாடிக் குரல்தான், ஆனால் பாடுவது அக்கா. இரண்டாவது அடுக்கு வரும்போது அவள் கை தானாகத் தன் தொண்டைக்குப் போனது.

"நிறுத்து."

நிறுத்தினேன்.

"இது வேணாம். மொதல்ல செஞ்சியே, அதப் போடு."

"அக்கா, இதுல உன் குரல் ஒரு துளி கிடையாது. சத்தியமா."

"குரல் இல்லைதான். நான் இருக்கேன்ல. மொதல்ல செஞ்சதையே போடு. சொன்னாக் கேளு." அவள் கண் கலங்கியிருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

வளைகாப்பு அன்று காலையில் இரண்டையும் அந்தக் குரலில் பாட வைத்து, பாட்டாகப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனேன். திருவாரூரில் அவர்கள் வீட்டை ஒட்டிய சின்ன மண்டபம் ஒன்றைப் பிடித்திருந்தார்கள். மைக் செட்காரரிடம் பென்டிரைவை நீட்டி, "ரெண்டாவதா இருக்கறதப் போடுங்க" என்றேன்.

இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்கா கண் கலங்கிக் கேட்டதை நான் மீறினேன். எதற்காக என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அவளை மூலையில் உட்கார வைத்த வழக்கத்தின் மேல் இருந்த ஆத்திரம் பாதி. நல்லதைச் செய்து கையில் வைத்துக்கொண்டு மட்டமானதை நாலு பேர் முன்னால் போட எந்த வேலைக்காரிக்கும் மனசு வராது, அது மீதிப் பாதி. எது பெரிய பாதி என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா மகளை அலங்கரித்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கன்னத்தில் சந்தனம், நெற்றி நிறையக் குங்குமம். தட்டுத் தட்டாகப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். மாமியார் முதல் வளையலைப் போட்டார். அடுத்து நாத்தனார், பிறகு நான். அக்கா மண்டபத்தின் பின்பக்கம் சாப்பாட்டுக் கூடத்தில், புளிச் சாதத்தையும் தேங்காய்ச் சாதத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் அனுப்பவில்லை. தானாகப் போனதுதான்.

பாட்டு தொடங்கியது. "புதுசா இருக்கே, எந்தப் படம்?" என்று ஓர் அம்மா கேட்டார். இன்னொருவர் ஏதோ ஒரு படத்தின் பெயரையே சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது அடி வந்தது. "பாக்", சின்ன இடைவெளி, "குற".

மகளின் முகம் நிமிர்ந்தது. வளையல் போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். இரண்டாவது அடுக்கில் அதே இடம் வந்ததும், "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். மைக் செட்காரர் பாட்டை நிறுத்தினார்.

"எங்கம்மா எங்க?"

"சாப்பாட்டுப் பக்கம் இருக்காங்கம்மா" என்றார் மாமியார். "என்னம்மா, என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல அத்த. இது எங்கம்மா பாடுறாங்க."

"குரல் வேற மாதிரில்ல இருக்கு?"

"குரல் யாருதோ. பாடுறது எங்கம்மா. ஸ்கூலுக்கு என்னைய சைக்கிள்ல பின்னாடி வச்சுத்தான் கூட்டிக்கிட்டுப் போவாங்க. இந்த மெட்டுலதான் ஏதாச்சும் கட்டிப் பாடிக்கிட்டே மிதிப்பாங்க. வாய்க்கா கரையில மதகு மதகா வரும். மதகு மேல ஏறி எறங்கறப்ப சைக்கிள் தூக்கிப் போடும், பாட்டு இப்படியே அறுந்து சேரும். ஆறு வருசம் நான் அவங்க முதுகப் புடிச்சுக்கிட்டு இதக் கேட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

மூச்சு பற்றாததால் என்று நான் நினைத்த இடைவெளி அது. அவர்கள் சைக்கிளில் போன வருடங்களில் நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?

பேச்சு கேட்டு அக்கா சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் கரண்டியும் கையுமாக வந்து நின்றிருந்தாள். மகள் அவளைப் பார்த்து, "நீங்க வந்து போடுங்கம்மா" என்றாள்.

"அத்தையெல்லாம் போட்டாங்கள்ல. போதும் கண்ணு. நல்ல நேரம் போகுது, உக்காரு."

மகள் உட்காரவில்லை. ஏழு மாத வயிற்றோடு எழுந்து நின்று இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். நீட்டிக்கொண்டே நின்றாள். யாரோ ஒருவர் பின்னால் முணுமுணுத்தார். அக்காவின் முகம் வெளிறிவிட்டது. செய்த காரியத்தின் கனம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். அதிகம் பேசாத பெண்மணி. என்ன நினைக்கிறார் என்று முகத்தில் ஒன்றும் தெரியாது. அவர் வளையல் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கூட்டத்தைத் தாண்டி நேராக அக்காவிடம் போனார்.

"என்னங்க சம்பந்தி, புள்ளத்தாச்சியக் கைய நீட்டிக்கிட்டே நிக்க வைக்கலாமா? கரண்டிய யார்கிட்டயாச்சும் குடுத்துட்டு வாங்க."

கரண்டியை நான்தான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன்.

அக்கா வந்து மகளுக்கு முன்னால் நின்றாள். ஒரு பச்சை, ஒரு சிவப்பு எடுத்தாள். மகள் மைக் செட்காரரிடம், "மொதல்லேருந்து போடுங்க அண்ணே" என்றாள். பாட்டு மறுபடி தொடங்கியது. அக்கா வாய்விட்டுப் பாடவில்லை, ஆனால் அவள் உதடு அசைந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உதட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் ஓர் இம்மி இடைவெளி இல்லை. எங்கே உதடு தயங்கியதோ அங்கே ஸ்பீக்கர் தயங்கியது. மூன்றாவது அடியில் இரண்டும் ஒன்றாக நின்று ஒன்றாக விழுந்தன. ஐந்து அடுக்கும் அப்படியே. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, இதைச் செய்தவள் நான் என்று மனசுக்குள் கத்தினேன். என் வேலைக்கு இதைவிடப் பெரிய பரீட்சை யாரும் வைக்க முடியாது.

மகளை அழைத்துக்கொண்டு வேனில் திரும்பினோம். அவள் என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எதப் போட்ட?"

"ரெண்டாவது."

"மொதல்ல செஞ்சதப் போடுன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

அவள் அடுத்த பன்னிரண்டு நாளும் என் போனை எடுக்கவில்லை. பதிமூன்றாம் நாள் அவளே கூப்பிட்டு, மகளுக்குக் கால் வீங்குகிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கூட வா என்றாள். பெரிதாக ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வழக்கமாவது மண்ணாவது என்று வாய் கிழியப் பேசுகிறவள்தான் நான். அந்த இரண்டு மாதமும் அக்காவைவிட அதிகமாகப் பயந்து செத்தேன். ஏதாவது ஆகியிருந்தால் அந்தச் சொல் அக்காவைத்தான் சுற்றியிருக்கும், கொண்டுவந்து விட்டவள் நானாக இருந்திருப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. அழுத அழுகையில் எந்தக் குறையும் இல்லை என்று வெளியே நின்றே கண்டுபிடித்துவிட்டேன்.

பதினாறாம் நாள் மாமியார் பேத்தியைப் பார்க்க அக்கா வீட்டுக்கு வந்தார். பழம், பூ, குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு எல்லாம் கொண்டுவந்திருந்தார். முப்பதாம் நாள் தங்கள் வீட்டில் குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் பெயர் வைப்பதாகச் சொன்னார். நான் சும்மா இருக்க மாட்டேனே. "அதுக்கும் அக்கா ஒரு பாட்டு கட்டி வச்சிருக்காங்க. ரெக்கார்டு பண்ணியாச்சு. பாதி வேல முடிஞ்சிருச்சு. இந்தத் தடவ இன்னும் நல்லா வரும் பாருங்க" என்றேன். சும்மா சொல்லவில்லை, மூன்று நாளாக அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் குழந்தையை மடியில் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"உங்க பொட்டி நல்லாத்தாங்க பாடுச்சு. குறையே சொல்ல முடியாது. ஆனா இந்தத் தடவ அது வேணாம். சம்பந்தியே வந்து தொட்டில் பக்கத்துல நின்னு பாடட்டும்."

உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்குத் தொண்டையெல்லாம் கட்டிக் கெடக்குங்க" என்று அங்கிருந்தே சொன்னாள்.

"இன்னும் பதினாலு நாள் இருக்குல்ல. சுக்கு வச்சுக் குடிங்க" என்றார் மாமியார்.

பாதி முடித்த ஃபைல் இன்னமும் என் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. என் வேலையை முகத்துக்கு நேரே ஒருவர் வேண்டாம் என்று சொல்லி, நான் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நின்றது அன்று ஒரு நாள்தான்.